வலமும் இடமும்

உம்ராவுக்கும் ஜியாரத்துக்கும் செல்லும் நம் சகோதரர்களில் சிலர் கூட்டத்தோடு பஸ்ஸில் போவதை விட்டு, ஜித்தாவிலோ மதீனாவிலோ மோட்டார் காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்கிறார்கள். நம் பெரியவர்கள் பினாங்கிலிருந்து கப்பலேறிப் போன காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இப்போதோ கையில் லைசென்சும் நெஞ்சில் துணிவும் இருக்கின்றன. "சிங்கப்பூரில் முப்பது ஆண்டு ஓட்டினவனுக்கு அங்கே ஓட்டத் தெரியாதா?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டவர்களில் நாமும் ஒருவர். அந்தத் துணிவினால் நேர்ந்த ஒன்றையும், அதன்பின் நம்மை விட்டு நீங்காத ஒரு கேள்வியையும் இங்கே எழுதுகிறோம். கற்றவர்கள் நம் எண்ணத்தில் பிழை கண்டால் திருத்துவார்களாக.

நமக்கு வண்டி ஓட்டும் பக்கம் இடப்பக்கம். சவூதி அரேபியாவில் வலப்பக்கம். இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, உடம்பு ஒப்புக்கொள்வது வேறு. நம் வட்டாரத்தில் இந்தச் சோதனை எளிதில் வாய்ப்பதுமில்லை. கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குள் போனாலும் இடப்பக்கம். பினாங்கைக் கடந்து ஹாட்யாய்க்குப் போனாலும் இடப்பக்கம். தாய்லாந்து முழுவதையும் கடந்து மேகோங் ஆற்றங்கரையிலுள்ள நோங்காய் வரை போனாலும் இடப்பக்கமே. அங்கே 1994 இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாக லாவோஸுக்குள் நுழையும்போதுதான் வண்டி முதன்முதலாகப் பக்கம் மாற வேண்டும். ஆகையால் நம்மவர் எத்தனை நாடு சுற்றினாலும், தமது பழக்கம் ஒரு பழக்கந்தான் என்பதையே அறியாமல் வீடு திரும்பிவிடலாம்.

மதீனாவில் முதல் நாள் காரில் ஏறப் போகும்போதே வேடிக்கை தொடங்கியது. வலக்கதவைத் திறந்து உட்கார்ந்தால் எதிரே ஸ்டியரிங் இல்லை. இறங்கிச் சுற்றி வந்து சரியான இடத்தில் உட்கார்ந்தால், கியரைத் தேடிய இடக்கை கதவில் போய் இடித்தது. திரும்புவதற்குச் சிக்னல் போட வலக்கை விரலை அசைத்தோம். மழைத்துளியே இல்லாத ஊரில் கண்ணாடித் துடைப்பான் இப்படியும் அப்படியும் ஆடியது. வண்டி வலது ஓரத்தை நோக்கி ஒதுங்கிக்கொண்டே போயிற்று. நம் உடம்புக்கு வலத்தே ஒரு கதவின் கனம், இடத்தே வண்டி முழுவதும் என்று முப்பது ஆண்டு பழகிய கணக்கு அங்கே தலைகீழாகிவிட்டதே காரணம். வட்டச் சாலைச் சந்திப்பில் நாம் இங்கே கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறோம். அங்கே அதற்கு எதிர்த்திசை.

இவையெல்லாம் அபாயமற்ற பிழைகள். ஏனென்றால் இவை உடனே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. நெரிசலான தெருவும் அவ்வளவு அபாயமன்று. முன்னே போகும் வண்டியின் பின்னே நாமும் போகிறோம், அவ்வளவுதான். முதல் நாள் அஞ்சி அஞ்சி ஓட்டினோம். ஒவ்வொரு முறை எஞ்சினைக் கிளப்பும்போதும் பக்கத்தில் இருந்த நம் வீட்டார், "வலம், வலம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் மாலைக்குள் கை பழகிவிட்டது. "சிறுபிள்ளைக்குச் சொல்வதைப்போலச் சொல்லாதே, நமக்குத் தெரியும்" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டோம். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பத்ரை நோக்கிப் புறப்பட்டோம். மதீனாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். இருட்டோடு கிளம்பி, வழியில் ஒரு சிறு பள்ளிவாசலில் சுபுஹு தொழுதோம். அந்தப் பள்ளிவாசல் நாம் வந்த சாலைக்கு இடப்புறத்தில் இருந்தது. வெளியே வந்து இடம் திரும்ப வேண்டும். நம் ஊரில் இடம் திரும்புவதைப்போல் எளிது வேறில்லை. ஓரத்தோடு ஓரமாக ஒடித்தால் போதும். அங்கே அப்படியன்று. எதிரே வருபவர்களின் பாதையைக் குறுக்கே கடந்து, அப்பாலுள்ள பாதிக்குப் போய்ச் சேர வேண்டும். சாலையிலோ ஒரு வண்டியும் இல்லை. பார்த்துப் பின்பற்ற எவரும் இல்லாத அந்த வெறுஞ்சாலையில் நம் கை தானாகத் தன் சொந்த ஊருக்குப் போய்விட்டது. ஓரத்தோடு ஓரமாக ஒடித்துத் திருப்பினோம். வாயில் திக்ரு, மனத்தில் பத்ரு ஸஹாபாக்கள், வண்டி தவறான பக்கத்தில். தொழுத முகத்தோடு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தோம்.

வளைவில் ஒரு சிறு லோரி எதிர்ப்பட்டது. நாம் செய்ததெல்லாம் திகைத்துப் பிரேக்கை மிதித்தது ஒன்றே. அதுவே நம்மைக் காத்தது. பழக்கத்தின்படி இடத்தே ஒதுங்கியிருந்தால், லோரிக்காரர் தம் பழக்கத்தின்படி வலத்தே ஒதுங்கினார். எதிரெதிரே வருகிறவர்களுக்கு நம் இடமும் அவர் வலமும் ஒரே பக்கம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. லோரி சாலையை விட்டு மணலில் இறங்கி நின்றது. வயது முதிர்ந்த அரபி ஒருவர் இறங்கி வந்தார். அவர் இருக்கைக்கு அருகே ஐந்தாறு வயதுள்ள ஒரு குழந்தை உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாம் ஸலாம் சொன்னோம். பிறகு நமக்குத் தெரிந்த அரைகுறை அரபு மொழியிலும் கைச்சாடையிலும் சொன்ன முதல் வார்த்தை: "எங்கள் நாட்டில் இந்தப் பக்கம்."

பெரியவர் ஸலாமுக்குப் பதில் சொன்னார். நம்மைப் பார்த்தார், திரும்பிக் குழந்தையைப் பார்த்தார். வேறொன்றும் பேசவில்லை. சக்கரத்தின் அடியிலிருந்த மணலை ஒதுக்கினார், நாமும் தள்ளிக்கொடுத்தோம், வண்டி ஏறியது, போய்விட்டார்.

கேள்வி இதுதான்: நாம் சொன்ன அந்த வார்த்தை பொய்யா? இல்லை, முழு உண்மை. ஆனால் அது அவருக்குச் சொல்லவேண்டிய பதிலா? அன்று முதல் இன்றுவரை அந்த வார்த்தை நம் தொண்டையில் மீன் முள்ளாகக் கிடக்கிறது.

விடுதிக்குத் திரும்பி இந்தச் சங்கதியைச் சொன்னபோது, அங்கே தங்கியிருந்த பினாங்கு அன்பர் ஒருவர் வேறொரு வழியில் போனார். "குற்றம் உங்களுடையதன்று, நம்மை ஆண்ட வெள்ளைக்காரனுடையது. உண்பது வலக்கையால், உடுப்பதும் பள்ளிவாசலுக்குள் கால் வைப்பதும் வலத்தால். வலப்பக்கம் ஓட்டுவதுதான் சுன்னத்துக்குப் பொருத்தம், இடப்பக்கம் நம்மேல் சுமத்தப்பட்டது" என்றார். நம்மைத் தேற்றத்தான் சொன்னார். ஆனாலும் பேசாமல் இருக்க முடியவில்லை. உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகள் இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம் ஆகிய நான்கு. நான்கிலும் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள். வலப்பக்கம் ஓட்டுவோரில் அரபு நாட்டாரும் துருக்கியரும் ஈரானியரும் உண்டு. அமெரிக்கரும் ருஷ்யரும் சீனரும் உண்டு. இந்தோனேசியாவை ஆண்ட டச்சுக்காரர் தம் சொந்த நாட்டில் ஓட்டுவதோ வலப்பக்கம். இதில் தீனை எங்கே தேடுவது? (தவாஃபின்போது கஃபாவை இடப்புறம் வைத்துச் சுற்றுகிறோம், வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வட்டச் சந்திப்பைச் சுற்றும் திசையும் அதுவே. இதை அன்பரிடம் சொல்லாமல் விட்டோம். சொன்னால் இரவு முழுவதும் உறங்கவிட்டிருக்க மாட்டார்.)

ஆனால் அன்பரின் பேச்சுக்கு மறுமொழி சொல்லிவிட்டு வரும்போது, அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று வாசலில் நிற்கிறது. நம் இளைஞர்கள் கேட்கக்கூடிய கேள்வி அது. "சாலையின் பக்கத்தில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை, ஊருக்கு ஊர் ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான் என்கிறீர்கள். அப்படியானால் வலது இடது என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஊர் ஏற்பாடுதானே? எல்லை தாண்டினால் கழற்றி வைக்கலாமே?" இதை வெறும் குதர்க்கம் என்று தள்ளிவிடுவது சுலபம். தள்ளிவிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான், மனத்தை மூடமாட்டான்.

மதீனாவிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் கிப்லா என்றால் மேற்கு என்பார்கள். தமிழ்நாட்டில் மேற்கு, சற்றே வடக்கு. சிங்கையிலும் மலேசியாவிலும் அப்படியே. படுக்கையை எந்தப் பக்கம் விரிப்பது, மேற்கே காலை நீட்டக்கூடாது என்பதெல்லாம் இதிலிருந்து வந்த வீட்டு வழக்கம். அந்தப் பெரியவர்களே மதீனா போனதும் தெற்கு நோக்கித் தொழுகிறார்கள். மக்கா அங்கிருந்து தெற்கே இருக்கிறது. மக்காவிலோ கஃபாவைச் சுற்றி நாலா திசையிலும் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் எதிர்நோக்கித் தொழுகிறார்கள். எவருக்கும் அதிர்ச்சி இல்லை. திசை மாறிற்று, நோக்கம் மாறவில்லை என்பது படிக்காத பாட்டிக்கும் விளங்கிவிடுகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். மதீனாவில் கிப்லத்தைன் பள்ளிவாசல் இருக்கிறது. இரண்டு கிப்லா உடைய பள்ளி என்று பொருள். ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டு வரை நபி பெருமானாரும் (ஸல்) ஸஹாபாக்களும் ஜெருசலத்தை நோக்கித் தொழுதார்கள். அது மதீனாவுக்கு வடக்கே. பிறகு கஃபாவை நோக்கும்படி கட்டளை வந்தது, அது தெற்கே. தொழுதுகொண்டிருந்த ஜமாஅத்து, செய்தி கேட்டதும் தொழுகையை விடாமலே முழுவதும் திரும்பி நின்றது என்பது ஹதீஸில் வரும் வரலாறு. எதிர்ப்பக்கத்துக்கு மாறுவது என்றால் அதுவல்லவா மாறுவது! அவர்களில் ஒருவரும், "இத்தனை நாள் பழகிய திசை" என்று சொல்லிக்கொண்டு நின்றுவிடவில்லை. ஒருவர்மட்டும் பழைய பக்கம் நின்றிருந்தால் அவருடைய வணக்கத்துக்குப் பொருள் என்ன?

ஒரு நாடே அப்படித் திரும்பிய கதையும் உண்டு. ஸ்வீடனில் நெடுங்காலம் இடப்பக்கம் ஓட்டினார்கள்; அண்டை நாடுகளில் வலப்பக்கம். மாற்றலாமா என்று 1955 இல் மக்களைக் கேட்டபோது, நூற்றுக்கு 83 பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். பழக்கத்தின் வலிமை அத்தகையது; அவர்கள் ஓட்டிய கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங் ஏற்கனவே இடப்பக்கந்தான் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆயினும் அந்நாட்டு நாடாளுமன்றம் 1963 இல் மாற்றத் தீர்மானித்தது. 1967 செப்டம்பர் 3 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 4.50 மணிக்குச் சாலையிலிருந்த வண்டிகளெல்லாம் நின்றன. மெல்ல எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்தன. 5 மணிக்கு மறுபடி புறப்பட்டன. பெருத்த விபத்துகள் நேருமென்று அஞ்சினார்கள். நடந்தது நேர்மாறு. விபத்துகள் முன்னைவிடக் குறைந்தன. எல்லாரும் அஞ்சி ஓட்டினார்கள், ஆகவே எல்லாரும் பிழைத்தார்கள். ஓரிரண்டு ஆண்டில் புதிய பக்கமும் பழகிப்போயிற்று. விபத்துகளும் பழைய அளவுக்கு ஏறிவிட்டன. நமக்கு முதல் நாள் ஒன்றும் நேராமல் மூன்றாம் நாள் நேர்ந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் நம்மிடம் இல்லை.

எல்லாரும் சேர்ந்து இடம் போனால் இடம் சரி. எல்லாரும் சேர்ந்து வலம் போனால் வலம் சரி. இதையே ஓர் உரைகல்லாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஒரு விதியை எடுத்து, ஊர் முழுவதும் கூடி இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சாலையின் பக்கம் மாறும், ஒன்றும் கெடாது. ஊர் முழுவதும் கூடிப் பொய்சொன்னால் பொய் மெய்யாகுமா? எல்லாரும் கூடி அளவையில் குறைத்தால் குறைந்த படி நிறைந்துவிடுமா? ஆகாது. முன்னது மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. பின்னது அவர்கள் கூடியும் மாற்ற முடியாதது. வலக்கையால் உண்பதோ இந்த இரண்டிலும் சேராது. ஒருவன் இடக்கையால் உண்டால் எதிரே வருகிறவன்மீது மோதிவிடப் போவதில்லை. நாம் வலக்கையால் உண்பது நம் பெருமானார் (ஸல்) அவ்வாறு சொன்னதற்காக. அந்த வழக்கத்தின் வேர் ஊரில் இல்லை. ஆகவே ஊர் மாறினாலும் அது மாறவேண்டியதில்லை. எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதை ஊரிடம் கேட்டும், எந்தக் கையால் உண்பது என்பதை ஊரைக் கேளாமலும் நடப்பதில் ஒரு முரணும் இல்லை என்று இளைஞர்களுக்குச் சொல்வோம். ஒத்துக்கொள்ளாவிட்டால் மேலும் கேட்கட்டும்.

இதை எழுதும்போது நம் சங்கங்களின் நினைவும் வராமல் இல்லை. ஓர் ஊரார் நிக்காஹ் விருந்தில் நால்வர் கூடிச் சஹனில் உண்பார்கள். இன்னோர் ஊரார் ஆளுக்கோர் இலை போடுவார்கள். இந்த வழக்கத்துக்காக, கப்பலேறி வந்த பின்னும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த குடும்பங்களை நாம் அறிவோம். சாலையின் பக்கத்தைக் கிப்லாவாக நினைத்துக்கொண்ட சண்டை அது. இதை இத்தோடு விடுகிறோம். நம் கேள்வி வேறு.

பக்கத்தில் புண்ணியம் இல்லையென்றால், தவறான பக்கம் போனதில் நம் மனம் ஏன் இவ்வளவு உறுத்த வேண்டும்? அந்தப் பெரியவர் நம் முகத்தை முன்பின் கண்டவரல்லர். ஆனாலும், வளைவுக்கு அப்பால் வருகிறவன் எவனாயிருந்தாலும் தன் பக்கத்தில்தான் வருவான் என்று நம்பி, தம் குழந்தையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வந்தார். அந்த நம்பிக்கை, கேளாமலே நம் கையில் அவர் ஒப்படைத்த அமானிதம். சாலையில் ஓட்டுகிற ஒவ்வொருவனும் தான் அறியாத நூறு பேருடைய அமானிதத்தைச் சுமந்துகொண்டே ஓட்டுகிறான். நாம் தவறியது பக்கத்தில் அன்று, அமானிதத்தில்.

"வேண்டுமென்றா செய்தீர்கள்? பழக்கம் இழுத்துவிட்டது. நிய்யத்து இல்லாத செயலுக்குக் குற்றம் உண்டா?" என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். வாஸ்தவம், வேண்டுமென்று செய்வதும் தவறிச் செய்வதும் ஒன்றல்ல. ஆனால் ஷரீஅத்தின் நுட்பத்தை இங்கே பார்க்க வேண்டும். ஒரு முஃமினைத் தவறுதலாகக் கொன்றுவிட்டவனைப் பற்றித் திருக்குர்ஆன் நிஸா அத்தியாயத்தில் 92 ஆம் வசனம் பேசுகிறது. அவன் கொலைகாரன் என்று தண்டிக்கப்படுவதில்லை. அதற்காகச் சும்மா விடப்படுவதும் இல்லை. ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இறந்தவரின் குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலன்றி அவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். அடிமையை விடுவிக்க வழியில்லாதவன் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். நிய்யத்து இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். என்றாலும் எதிரே ஒரு குடும்பம் தன் ஆளை இழந்து நிற்கிறதே! "வேண்டுமென்று செய்யவில்லை" என்ற சொல் அல்லாஹ்விடம் முறையிடத் தக்க சொல். அடிபட்டவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடன் தீர்ந்ததாகாது.

பழக்கம் இழுத்த அந்த ஒரு கணத்தில் நம்மிடம் குற்றம் இல்லாமல் இருக்கலாம். அதற்கு முந்திய மாலையில் குற்றம் இருக்கிறது. "வலம், வலம்" என்று சொன்ன வாயை நாம்தாம் மூடினோம். அந்த மாலையில் நமக்கு நினைவும் இருந்தது, நிதானமும் இருந்தது, நேரமும் இருந்தது. பழக்கம் ஆளைக் கேளாமல் வேலை செய்யும் என்பதை அறிந்தவன், பழக்கத்துக்கு ஒரு காவலாளியை வைத்திருக்க வேண்டும். வைத்திருந்த காவலாளியையும் மானம் கருதி அனுப்பிவிட்டோம்.

பர்மாவில் 1970 இல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். இரங்கூனில் நம்மவர்க்குப் பள்ளிவாசலும் பழைய உறவும் உண்டு. அங்கே போய்வந்தவர்கள் கண்டிருப்பார்கள். சாலை மாறி நெடுங்காலம் ஆன பின்னும் வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த ஜப்பானியக் கார்களே அங்கு மிகுதியாக ஓடின. முன்னே போகும் லோரியைத் தாண்ட வேண்டுமானால், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சாரதிக்கு எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்வார். சாரதி அதைக் கேட்டு ஓட்டுவார். அந்தச் சாரதிகளுக்கு இல்லாத மானம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1942 இல் சிங்கை ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது பிரிட்டனின் பிரதமராக இருந்த சர்ச்சிலை நாம் புகழ்ந்து எழுதுவோம் என்று எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அவர் 1931 டிசம்பர் 13 ஆம் தேதி இரவு, நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூ என்னும் வீதியைக் கடக்கும்போது, இங்கிலாந்துப் பழக்கத்தின்படி தவறான பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தார். கார் ஒன்று அடித்து வீழ்த்திவிட்டது. பலத்த காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தபோதும், காரோட்டியின்மேல் குற்றமில்லை, குற்றம் தம்முடையதே என்று போலீஸாரிடம் சொல்லிவிட்டார். அடிபட்டுக் கிடந்தவர் அவர். நாமோ அடிபடவில்லை, காலூன்றி நின்றுகொண்டு, "எங்கள் நாட்டில் இந்தப் பக்கம்" என்றோம். அரசியலில் அவரோடு நமக்குள்ள கணக்கு வேறு. இந்த ஒரு விஷயத்தில் அவர் நம்மைவிட ஒரு படி மேலே நிற்கிறார் என்பதை மறைக்க முடியாது.

ஊர் திரும்பியபின் ஓர் ஆலிமிடம் முழுவதும் சொல்லிக் கேட்டோம். "உயிருக்கோ பொருளுக்கோ சேதம் இல்லாததால் ஈடு ஒன்றும் இல்லை. ஆனால் அவரைத் திடுக்கிட வைத்தீர்களே, அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. அதற்குரிய அரபுச் சொல் நமக்குத் தெரியாமலா? அஃபுவன் என்று சொல்லத் தெரியும். நம் நாட்டைப் பற்றிச் சொல்ல வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. "துஆச் செய்யுங்கள், அவர் பேரால் சதக்கா கொடுங்கள்" என்றார் ஆலிம். செய்து வருகிறோம். அது அவரைப் போய்ச் சேர்கிறதா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

ஓட்டாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளுக்கு, சாலையைக் கடக்குமுன் முதலில் வலப்பக்கம் பார் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மக்காவிலும் மதீனாவிலும் அருகே உள்ள பாதியில் வண்டி வருவது இடப்பக்கத்திலிருந்து. பஸ்ஸின் கதவும் வலப்பக்கம் திறக்கும். தொழுகை நேரத்தில் விரைந்து கடக்கும் முதியவர்கள், வழக்கம்போல் வலப்பக்கம் ஒரு பார்வை பார்த்து, ஒன்றும் வரவில்லையென்று இறங்கிவிடுகிறார்கள். லண்டனில் வெளிநாட்டாருக்காக, எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமென்று தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் இளையவர் ஒருவர் முதியவரின் கையைப் பற்றிக்கொண்டு கடப்பது நலம். இரவு விமானத்தில் இறங்கிக் கண் எரியும்போதே காரை எடுக்க வேண்டாம். தனித்து ஓட்டவும் வேண்டாம்.

அன்று பத்ரிலிருந்து மதீனாவுக்குத் திரும்பும்போது நாம் எஞ்சினைக் கிளப்பவில்லை. வீட்டார் நம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். "சொல்லேன்" என்றோம். "நேற்று வேண்டாம் என்றீர்களே" என்றார். பிறகு சொன்னார். மீதி இருந்த ஒன்பது நாளும் சொன்னார்.

சிங்கை வந்து சேர்ந்த மறுநாள் காலை, வேலைக்குப் போகக் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தோம். எதிரே ஸ்டியரிங் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வந்து நின்ற வீட்டார் சிரித்துவிட்டார். நாம் இறங்கிச் சுற்றி வந்து வலப்பக்கம் ஏறினோம். ஜன்னலருகே குனிந்து, "இடம்" என்றார்.